கோடையும் சேவலும்

வைகாசியில் அடை வைத்த முட்டைகளிற் பாதி கூமுட்டையாகப் போயிற்று என்று குறைப்பட்டுக்கொள்ளாத வீடு நம் கிராமங்களில் அரிது. பன்னிரண்டு முட்டை வைத்து நான்கு குஞ்சு பொரித்தால், பழி முதலில் அடைக்கோழியின் மேல் விழுகிறது. அடுத்து, முட்டையிட்ட பெட்டையின் மேல். ராசியில்லாத கோழி என்று சொல்லி அதைச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறோம். கொண்டையை நிமிர்த்திக் கூவும் சேவலை எவரும் ஐயுறுவதில்லை. குற்றத்திற் பெரும்பங்கு பல சமயங்களில் அதனிடமே உள்ளது என்பதை இங்கே எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

கோழியினத்துக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து இரைத்தே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அதன் இயல்பான உடல்வெப்பமே ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். ஆட்டுக்கடா, காளை ஆகியவற்றின் விரைகள் உடலுக்கு வெளியே தொங்கிக் காற்றிற் குளிர்கின்றன. சேவலின் விரைகளோ உடலுக்குள்ளே, முதுகெலும்பை ஒட்டிச் சிறுநீரகங்களின் அருகில் அமைந்துள்ளன. உடற்சூடு வரம்பு மீறினால், விந்து உண்டாகும் இடமும் உடன் சூடேறுகிறது. விந்தணுக்கள் எண்ணிக்கையிற் குறைகின்றன. எஞ்சியவற்றுள்ளும் பல, நீந்தும் வலிமையை இழக்கின்றன. இடைவிடாது இரைப்பதால் கரியமில வாயு மிகுதியாக வெளியேறி, இரத்தத்தின் அமில காரச் சமநிலை கெடுகிறது. தீனியும் குறைகிறது, இணைசேரும் நாட்டமும் குறைகிறது.

அமெரிக்காவில் கறிக்கோழி இனத்தின் தாய்க்கோழிகளையும் சேவல்களையும் கொண்டு நடத்தி 1995-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி ஒன்று, வெப்பத்தால் முட்டை கருக்கூடாமற் போவதிற் பெட்டையைவிடச் சேவலுக்கே பங்கு மிகுதி எனக் கண்டது.

அப்படியாயின் சேவல் ஏன் அகப்படுவதில்லை? சேவலின் உடலில் விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிறது. பெட்டையோ முன்பு பெற்ற விந்தணுக்களைத் தன் கருக்குழாயில் ஒரு வாரத்திற்கு மேலும் சேமித்து வைத்திருக்கும். ஆதலால் சித்திரை 21-இல் அக்கினி நட்சத்திரம் தொடங்கினாலும், முதற் சில நாள் முட்டைகள் பழுதின்றியே இருக்கும். பின்னர் இடும் முட்டைகளிலேதான் கரு இராது. அவற்றைச் சேர்த்து, அடை வைத்து, 21 நாள் காத்திருந்தால் ஆனி பிறந்துவிடும். வெயிலின் விளைவு வெயில் தணிந்த பின்னரே கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குள் பெட்டை சந்தைக்குப் போய்விடுகிறது.

இதை அறிய எளிய சோதனை உண்டு. அடை வைத்த ஏழாம் நாள் இரவில், முட்டையை விளக்கொளியின் முன் பிடித்துப் பாருங்கள். சிலந்திக் கால்போலச் சிவந்த நரம்புகள் படர்ந்திருந்தால் கரு வளர்கிறது. உள்ளே தெளிவாக இருந்தால் பெரும்பாலும் கருக்கூடாத முட்டை. தெளிந்த முட்டைகள் பலவாயின் சேவலைக் கவனியுங்கள். கரு வளரத் தொடங்கிப் பின் மடிந்திருந்தால், சேவல்மேல் மட்டும் பழி போடலாகாது. முட்டையைச் சூடான இடத்தில் வைத்திருந்ததும் காரணமாகலாம். கோடையில் முட்டைகளை ஈரமணல்மேல் வைத்த மண்சட்டியிற் சேர்த்து, மூன்று நான்கு நாட்களுக்குள் அடை வைத்தல் நன்று.

சேவலுக்கு வேண்டுவன யாவை? பங்குனியிலேயே தொடங்குங்கள். நடுப்பகலில் அதை வெயிலிற் பஞ்சாரத்தின் கீழ் அடைக்க வேண்டாம். தறிக்கொட்டகையின் ஓரத்து நிழலோ மரத்தடியோ போதும். மண்பாண்டத்தில் நீர் வைத்து, பகலில் இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். தீனியை விடியலிலும் மாலையிலும் இடுங்கள். உச்சிவேளையில் உண்ட தீனி செரிக்கையில் உடற்சூடு மேலும் ஏறும். பசுங்கீரை கொடுங்கள். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்ற அளவை மீற வேண்டாம். கழுத்தில் இறகில்லாத இனத்துக் கோழிகள் வெப்பத்தை நன்கு தாங்குவன. சேவல் தேர்வோர் இதையும் கருதலாம்.

உணவு முட்டைக்காகவே கோழி வளர்க்கும் பண்ணையார்க்குச் சேவலே வேண்டியதில்லை. குஞ்சு விற்று நூலுக்கும் விதைக்கும் காசு சேர்க்கும் சிறு குடும்பத்துக்கோ ஒவ்வொரு கூமுட்டையும் நஷ்டமே. வெயில் தணிந்து சில வாரம் சென்றால் நல்ல சேவல் மீண்டும் தேறிவிடும். அவசரப்பட்டு அதையும் விற்றுவிட வேண்டாம். பெட்டையை விற்குமுன் விளக்கொளியில் ஒரு முட்டையைப் பாருங்கள் என்பதே நம் வேண்டுகோள்.