தெருவிளக்கும் சிக்கனமும்

விளங்குதல் தன்வினை, விளக்குதல் பிறவினை. தன் ஒளியால் பிறவற்றை விளங்கச் செய்வதனால் விளக்கு அப்பெயர் பெற்றது. தெருவில் நிற்கும் விளக்கு வழியை விளக்குகின்றது. அவ்விளக்குக்கு ஆகும் செலவை விளக்குவாரோ சிலரே. அண்மைக் காலத்தில் ஊர்தோறும் பழைய மஞ்சள் விளக்குகள் இறக்கப்பெற்று, எல்.இ.டி. விளக்குகள் ஏற்றப்பெறுகின்றன. இவற்றால் மின்சாரமும் பணமும் பாதிக்குப் பாதி மிச்சமாகும் என்பர். இக்கூற்று எவ்வளவு மெய் என்று ஆராய்தல் நலம்.

மலாயாவின் மின்சார வரலாற்றில் தமிழருக்கும் பங்குண்டு. 1894ஆம் ஆண்டில் சிலாங்கூரைச் சேர்ந்த ராவாங் ஈயச் சுரங்கத்தில் மின்பொறி நிறுவிய இருவருள் ஒருவர் லோக் யூ. மற்றவர் தம்புசாமிப் பிள்ளை. அன்று அரும்பொருளாக இருந்த மின்னொளி இன்று மலையூர்களின் சாலைகளிலும் எரிகின்றது. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் சாலையில் உள்ள திரிங்காப் அத்தகைய ஊர்களுள் ஒன்று. கடல் மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் அமைந்த இவ்வட்டாரத்தில் சுங்கை பாலாஸ், புளூ வேலி முதலிய தேயிலைத் தோட்டங்களும், காய்கறித் தோட்டங்களும், மலர்த் தோட்டங்களும் உள்ளன. குளிரும் மூடுபனியும் மிகுந்த இத்தகைய ஊரை மனத்திற்கொண்டு கணக்கிட்டால் உண்மை தெளிவாகும்.

மின் கணக்கு

பழைய குமிழ் விளக்கில் இழை சூடேறி ஒளிரும். அது உண்ணும் மின்சாரத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே ஒளியாகும். எஞ்சியது வெப்பமாய்க் கழியும். அதனினும் பன்மடங்கு திறமுடையது சாலைகளில் மஞ்சள் ஒளி தரும் சோடிய ஆவி விளக்கு. எல்.இ.டி. என்னும் ஒளியுமிழ் இருமுனையத்தில் இழையும் இல்லை, ஆவியும் இல்லை. குறைகடத்திப் படிகம் ஒன்றில் மின்னணுக்கள் தம் ஆற்றலை நேரே ஒளியாக வெளிவிடுகின்றன. படிகம் தரும் நீல ஒளியில் ஒரு பகுதியை மேற்பூச்சு மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெண்மையாகத் தோன்றும். திறமிக்க நீல விளக்கை ஆக்கித் தந்தமைக்காகவே அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இனி ஓர் எடுத்துக்காட்டு. 150 வாட் சோடிய விளக்கு, அதன் துணைக்கருவி உண்பதையும் சேர்த்து, ஏறத்தாழ 170 வாட் கொள்ளும். அவ்விடத்தில் 70 வாட் எல்.இ.டி. விளக்கு ஏற்றப்பெறுவதாகக் கொள்க. நிலநடுக்கோட்டை அடுத்த நாடாதலின் ஆண்டு முழுதும் இரவு ஏறத்தாழ 12 மணி நேரம். ஆண்டுக்கு 4,380 மணி. பழைய விளக்கு 745 யூனிட் உண்ணும். புதியது 307 யூனிட் உண்ணும். மிச்சம் 438 யூனிட். அஃதாவது நூற்றுக்கு 59 பங்கு. இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2009 முதல் 2013 வரை ஏறத்தாழ 1,40,000 விளக்குகளை மாற்றி, அவற்றின் மின்செலவில் 60 விழுக்காட்டுக்கு மேல் குறைத்தது.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. 70 வாட் எல்.இ.டி. தரும் மொத்த ஒளி 150 வாட் சோடிய விளக்கின் ஒளியினும் குறைவே. சோடிய விளக்கு எல்லாப் பக்கமும் ஒளி சிந்தும், எல்.இ.டி. சாலையை நோக்கியே வீசும். எனவே குறைந்த ஒளியும் போதுமானதாகின்றது. ஒளியைத் தேவையான இடத்தில் மட்டும் செலவிடுதல் இச்சிக்கனத்தின் ஒரு பகுதி என்பது இதனாற் பெறப்படும்.

மலையில் ஆறுகள் ஓடுவதால் அங்கே மின்சாரம் செலவின்றிக் கிடைக்கின்றது என்று எண்ணுதல் பிழை. திரிங்காப்பை அடுத்த கோலா தெர்லாவில் சிறு நீர்மின் நிலையம் உண்டு. தெலோம் ஆற்று நீர் சுரங்கவழியாகத் திருப்பப்பெற்றுப் பெரிய நிலையங்களையும் இயக்குகின்றது. ஆனால் அம்மின்சாரம் நாட்டுப் பொது மின்வலையிலே கலக்கின்றது. தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியாலும் இயற்கை எரிவளியாலும் ஆவது. ஆகவே மலையூரில் மிச்சமாகும் யூனிட்டும் பெரும்பாலும் எரிபொருள் மிச்சமே.

பணக் கணக்கு

மின் கணக்கு எளிது. பணக் கணக்கு அத்துணை எளிதன்று. தீபகற்ப மலேசியாவில் 2014ஆம் ஆண்டின் கட்டணப் பட்டியல் தெருவிளக்குக்கு இருவகை விலை வகுத்தது. பராமரிப்பும் சேர்ந்தால் யூனிட்டுக்கு 30.5 சென்; பராமரிப்பு நீங்கலாக 19.2 சென். 438 யூனிட்டின் மதிப்பு முதல் வகையில் ஏறத்தாழ 134 வெள்ளி. இரண்டாம் வகையில் 84 வெள்ளி. புதிய விளக்குக்கும் பொருத்துக் கூலிக்கும் 800 வெள்ளி என வைத்துக்கொண்டால், முதல் வகையில் 6 ஆண்டிலும், இரண்டாம் வகையில் ஒன்பதரை ஆண்டிலும் முதல் திரும்பும். 2025இல் கட்டண முறை மாற்றியமைக்கப்பட்டது; எனினும் கணக்கிடும் வழி மாறவில்லை.

முதல் வகையின் மிச்சம் பெரிதாகத் தோன்றுவதற்குக் காரணம், யூனிட் குறையுந்தோறும் பராமரிப்புக்கென்று செலுத்தும் பணமும் குறைவதே. ஆனால் கம்பங்களின் எண்ணிக்கை குறைவதில்லை. ஏணி ஏறுவோர் வேலையும் அந்த அளவுக்குக் குறைவதில்லை. அச்செலவை யாரேனும் ஒருவர் ஏற்றே தீர வேண்டும். அதனை மிச்சம் என்று எழுதுதல் ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்கு மாற்றிய பணத்தை வருமானம் என்று எழுதுவது போலாம்.

எல்.இ.டி. விளக்கு 50,000 மணி நேரம் எரியும் என்பர். கணக்குப்படி அது பதினொன்றரை ஆண்டு. படிகம் நெடுநாள் உழைக்கும். அதற்கு அளவாக மின்சாரம் ஊட்டும் கருவியே முன்னர்ப் பழுதுறும். கேமரன் மலையின் குளிர் எல்.இ.டி.க்கு ஏற்றது, வெப்பமே அதன் பகை. ஈரமும் இடிமின்னலும் ஊட்டுகருவிக்குப் பகை. டெட்ராய்ட் நகரில் 2016 இறுதிக்குள் ஏற்றப்பெற்ற 65,000 விளக்குகளுள் ஏறத்தாழ 20,000 மங்கியும் அணைந்தும் போவதாக 2019இல் தெரியவந்தது. ஒன்பதரை ஆண்டில் முதல் திரும்ப வேண்டிய விளக்கு மூன்றாண்டில் பழுதானால், இலாபம் ஏது?

அணைந்த விளக்கு மின்சாரமே உண்பதில்லை. யூனிட்டை மட்டும் எண்ணுவோர்க்கு அதுவே தலைசிறந்த சிக்கனமாகத் தோன்றும். விடியுமுன் கொழுந்து பறிக்கப் புறப்படும் தொழிலாளிக்கும், மூடுபனியில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் அஃது இழப்பே. ஆகவே விளக்கு வாங்கும் ஒப்பந்தத்தில் விலையினும் முதன்மையாக நோக்கத்தக்கவை, உத்தரவாதக் காலமும் பழுது நீக்கும் கெடுவும் ஆம்.

பனியும் நிறமும்

மூடுபனியை மஞ்சள் ஒளியே ஊடுருவும் என்பது பலர் நம்பிக்கை. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தினும் மிகப் பெரியவையாதலின் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒப்பவே சிதறடிக்கும். பனியில் இடர் தருவது நிறமன்று, கண்கூச்சம். ஒளி கீழ்நோக்கி விழுமாறு மூடியிட்டால் அது குறையும். நீலம் மிகுந்த வெள்ளொளி இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் என்பதால், 3,000 கெல்வினுக்கு மேற்படாத ஒளியே தெருவுக்குத் தக்கதென அமெரிக்க மருத்துவர் சங்கம் 2016இல் அறிவுறுத்தியது.

மலிவு தரும் மயக்கம்

சிக்கனமே செலவைப் பெருக்குவதும் உண்டு. நீராவிப் பொறி திறம்பட்ட பின்னர் நிலக்கரிச் செலவு குறையாமல் பெருகியதை ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் 1865இல் எடுத்துக்காட்டினார். ஒளிக்கும் இது பொருந்தும். 2012 முதல் 2016 வரை உலகில் செயற்கை ஒளி படும் பரப்பு ஆண்டுக்கு 2.2 விழுக்காடு பெருகியதென வான்கோள் அளவீடுகள் காட்டின. ஒரு விளக்கில் 59 பங்கு மிச்சம் பிடித்துவிட்டு, ஒன்றிருந்த இடத்தில் மூன்று விளக்கு நட்டால் பழைய செலவையும் தாண்டும். இருண்டு கிடந்த லயத்துப் பாதைக்கு விளக்கு வந்தால் அது நற்செலவு. அதனைச் செலவென்றே எழுதல் வேண்டும்.

எல்.இ.டி.யைப் பதியுந்தோறும் மங்கவைக்கலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. நள்ளிரவு முதல் ஐந்து மணி வரை பாதி ஆற்றலில் எரித்தால் விளக்கொன்றுக்கு ஆண்டில் மேலும் 64 யூனிட் மிச்சமாகும்; புதிதாக வாங்க வேண்டியதும் சிறிதே.

இவற்றால் பெறப்படுவது யாதெனில், எல்.இ.டி. மின்சாரத்தைக் குறைப்பது உறுதி. பணத்தைக் குறைப்பது விலை, கட்டண வகை, உத்தரவாதம், விளக்கின் எண்ணிக்கை ஆகிய நான்கைப் பொறுத்தது. மலையூர்ப் பள்ளிகளில் இதனைக் கணக்குப் பாடமாகவே நடத்தலாம். மாணவர் தம் தெருவின் விளக்குகளை எண்ணி, எரிவன எத்தனை, எரியாதன எத்தனை என்று குறித்து, வாட்டை மணியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் கிடைக்கும். தம் தெருவின் கணக்கை அறிந்த மாணவர், நாளை ஊரின் கணக்கையும் கேட்கத் தயங்கார்.