வடிகட்டியும் மெய்யெழுத்தின் புள்ளியும்

பழைய நூற்பக்கத்தைக் கணினியில் ஏற்றித் தூசு நீக்க முனைவோர் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். கணினிக்குப் படம் என்பது எண்கள் நிறைந்த கட்டங்களே. கருமைக்கு 0, வெண்மைக்கு 255. ஒரு கட்டத்தின் எண்ணோடு சூழவுள்ள எட்டையும் கூட்டி, 9ஆல் வகுத்து, ஈவை நடுவில் இடுவதே சராசரி வடிகட்டி.

இதனை நிரலாக எழுதுங்கால், விடையை மூலப்படத்தின் மேலேயே எழுதலாகாது. எழுதின், மாறிய எண் அடுத்த கணக்கிற் புகுந்து பிழையாகும். விடைக்கெனத் தனிப்படம் வேண்டும்.

வெண்மை நடுவே ஒரே கருங்கட்டம் இருப்பின், 8×255=2040; 9ஆல் வகுக்க ஏறத்தாழ 227. கருமை வெளுத்தது! தூசு மறைந்தது நன்றே. ஆனால், மிகச் சிறிதாக எடுத்த படத்தில் மெய்யெழுத்தின் புள்ளியும் அவ்வளவினதே அன்றோ? அது மறைந்தால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும். ஆகவே, புள்ளி பல கட்டங்கள் கொள்ளுமாறு பெரிதாகப் படமெடுத்த பின்னரே வடிகட்டுக.