மழைத்துளிக்குப் பின்னால் ஒரு விளக்கு

ஆடியிலும் மார்கழியிலும் நாம் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள் நெருக்கியடிக்கின்றன. சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 செ.மீ.; அதில் ஏறக்குறைய 60 விழுக்காடு வடகிழக்குப் பருவக்காற்று தருவது, அதாவது இதே மாதங்களை ஒட்டிப் பெய்வது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியதே, அந்த மாதிரி நாளில் படம் எடுப்பதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நான் சொல்வது சாதாரண மழையை. கிழக்குக் கடற்கரைச் சாலைப் புல்வெளிகளிலும் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையோரத் தோட்டங்களிலும் திறந்தவெளி ரிசப்ஷன் பெருகிவிட்டது. ஆனால் தூறல் விழுந்ததும் கேமராவை மூடிக்கொண்டு உள்ளே ஓடுகிறோம். பச்சரிசி தின்றால் கல்யாணத்தில் மழை வரும் என்று பிள்ளைகளை மிரட்டும் ஊர் இது. மழையைக் குறையாகப் பார்த்தே பழகிவிட்டோம். படத்தைக் கெடுப்பது மழையல்ல, விளக்கை வைக்கும் இடம் என்பதே என் கட்சி.

ஒரு மழைத்துளியை எடுத்துக்கொள்ளுங்கள். படங்களில் வரைவதுபோல அதற்குக் கூரான வால் கிடையாது. சிறு துளி உருண்டை. பெரிய துளி விழும்போது காற்று கீழிருந்து தள்ளுவதால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். அந்த உருண்டை ஒரு வில்லையும்கூட. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் க்ஷிதிஜ் கார்க், ஸ்ரீ நாயர் இருவரும் மழை கேமராவில் பதிவாகும் விதத்தை ஆராய்ந்தபோது, ஒரு துளி தனக்குப் பின்னால் சுமார் 165 பாகை அகலத்துக்கு விரிந்த காட்சியை மடக்கித் தருவதைக் கணக்கிட்டார்கள். எந்தத் துளியை உறைய வைத்து உற்றுப் பார்த்தாலும் அதற்குள் வானமும் பந்தலும் வாழைமரமும் தலைகீழாக இருக்கும். அந்தக் காட்சியில் பெரும்பகுதி வானம். ஆகவேதான் துளி, பின்னால் நிற்கும் மரத்தைவிட வெளிச்சமாகத் தெரிகிறது. ஆகவேதான் வெளுத்த வானத்தை நோக்கி எடுத்த படத்தில் மழையே காணாமல் போகிறது. வேப்பமரத்தின் இருட்டான இலைத்திரளைப் பின்னணியாக வைத்தால் அதே மழை கோடுகோடாக எழுந்து வரும்.

கோடாகத் தெரிவதற்கும் கணக்கு உண்டு. இரண்டு மி.மீ. துளி நொடிக்கு ஏறத்தாழ ஆறரை மீட்டர் வேகத்தில் விழுகிறது. ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அது 11 செ.மீ. இழுபட்ட கோடு; 1/500 என்றால் ஒன்றே கால் செ.மீ. பிளாஷின் மின்னல் இதைவிடவும் குறுகியது, துளியை முத்தாக நிறுத்திவிடும். ஆனால் பிளாஷ் கேமராவின் தலையில் இருந்தால் லென்ஸுக்கு அருகில் விழும் துளிகள்தான் முதலில் ஒளி வாங்கும். அவை மணமக்கள் முகத்தின்மேல் மங்கலான வெள்ளைப் பொட்டுகளாக அப்பிக்கொள்ளும். தண்ணீர்த் துளி ஒளியைத் திருப்பி அனுப்புவது சொற்பம், ஊடுருவவிட்டு முன்னே அனுப்புவதே மிகுதி. எனவே ஒரு சிறு பிளாஷை மணமக்களின் முதுகுக்குப் பின்னால், கேமராவைப் பார்த்தபடி மறைத்து வைத்தால் அவர்களைச் சுற்றியுள்ள மழை முழுதும் ஒளிரும். முகத்துக்கு, மேகம் வடிகட்டித் தரும் மெல்லிய பகல் வெளிச்சமே போதும். மழைநாளில் இருட்டாக இருக்குமே என்பார்கள். மூடிய வானமும்கூடப் பெரும்பாலான கல்யாண மண்டபங்களின் உள்வெளிச்சத்தைவிடப் பிரகாசமானது. கண் பழகிவிடுவதால் நமக்கு அது தெரிவதில்லை. மழை பெய்கிறதென்று சிவப்பு சாமியானாவுக்குள் நிறுத்துவதுதான் கெடுதல், முகமெல்லாம் துணியின் சாயம் ஏறிவிடும்.

பட்டுப்புடவை நனையும், சரிகை பாழாகும் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் மணமக்கள் நனைய வேண்டியதே இல்லை. அவர்கள் போர்டிகோவின் விளிம்பிலோ குடைக்குள்ளோ நிற்கட்டும், பிளாஷுக்கும் அவர்களுக்கும் நடுவே மழை பெய்தால் போதும். கேமரா கெட்டுவிடும் என்பதற்கு ஒரு பாலித்தீன் உறை பதில். உண்மையில் லென்ஸுக்கு வரும் தொல்லை பெரும்பாலும் ஏசி அறையிலிருந்துதான். குளிர்ந்த அறையில் கிடந்த கேமராவை ஈரக்காற்றில் திடீரென நீட்டினால், பிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்புபோல அது வியர்த்துவிடும். துடைத்தாலும் கண்ணாடி குளிர்ச்சியாக இருக்கும்வரை மீண்டும் படியும். அரை மணி முன்பே மூடிய பையோடு வெளியே கொண்டுவந்து வைப்பதே வழி. ஈரத்தோடு பையில் பூட்டிவைத்தால் பிறகு பூஞ்சை வரும், அதை லென்ஸிலிருந்து அகற்றுவது பெரும்பாடு.

இத்தனையிலும் என்னை உறுத்துவது ஒன்று. கேமராவுக்குக் குடை பிடிக்கிறோம்; விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஈரப் புல்லில் செருப்பில்லாமல் நிற்கும் லைட் பாய்க்குப் பிடிப்பதில்லை. ஜெனரேட்டரிலிருந்து ஒட்டுப்போட்ட வயர் தண்ணீருக்குள் கிடக்கும், அதன்மேலேயே சீரியல் செட்டும் ஓடும். பின்னொளிக்கு பேட்டரி பிளாஷ் போதும் என்னும்போது கரன்ட் விளக்கை மழையில் நிறுத்த ஒரு காரணமும் இல்லை. அந்தச் சின்ன பிளாஷின் உள்ளேயும் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கும், ஆகவே அதையும் உறையிட்டே வைக்க வேண்டும். கார்த்திகையில் திறந்தவெளியில் கல்யாணம் வைப்பவர்கள், மாலைக்கும் மேளத்துக்கும் முன்பணம் தரும்போதே பந்தலுக்கு மின்னிணைப்பு தருபவரிடம் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவரிடம் இணைப்பு வாங்காதீர்கள்.