அறிவை ஈடாக ஏற்ற முதலீட்டுக் கழகம்

‘முதல்’ என்னும் தமிழ்ச் சொல் தொடக்கத்தையும் குறிக்கும். வணிகத்தில் இடும் கைப்பொருளையும் குறிக்கும். கைப்பொருளின்றித் தொழிலைத் தொடங்குதல் இயலாது என்னும் பட்டறிவே இவ்விரு பொருளையும் ஒரு சொல்லில் இணைத்தது போலும். ஆயின், அக்கைப்பொருள் இல்லாதவன் அதனை எங்ஙனம் பெறுவது? காணி உடையவன் உறுதியைக் கொடுத்து ஈடு வைப்பான். நகை உடையவன் அடைவு வைப்பான். கல்வியும் கைத்திறனுமன்றி வேறொன்றும் இல்லாதவன் வங்கியின் வாயிலில் நிற்பின், அவனுடைய அறிவை ஈடாக ஏற்க எந்த வங்கியும் முன்வருவதில்லை.

இதில் வங்கியைக் குறை கூறுதல் பொருந்தாது. வங்கி கொடுக்கும் பணம் பிறர் நம்பி வைத்த பணம். கடன் பெற்றவனுடைய தொழில் நூறு மடங்கு பெருகினும் வங்கிக்குக் கிடைப்பது குறித்த வட்டி மட்டுமே. அத்தொழில் அழியுமாயின் வட்டியோடு முதலும் அழியும். ஆகவே, புதிய தொழிலுக்கு ஏற்றது கடன் அன்று. நட்டத்திலும் இலாபத்திலும் ஒருங்கே பங்குகொள்ளும் மூலதனமே. இன்று துணிகர மூலதனம் என வழங்கும் இதனைச் செல்வக் குடும்பங்களின் தயவிலிருந்து பிரித்து, பொதுமக்களிடம் பணம் திரட்டி இடும் ஒரு நிறுவனத்தின் தொழிலாக அமைத்த முன்னோடி, 1946ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் தோன்றிய அமெரிக்க ஆராய்ச்சி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் ஆகும்.

பொஸ்ரனைச் சூழ்ந்த நியூ இங்கிலாந்துப் பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெசவாலைகளாலும் தோற் தொழிலாலும் செழித்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆலைகள் கூலி குறைந்த தென் மாநிலங்களுக்குப் பெயரலாயின. ஊர்கள் பொலிவிழந்தன, ஆனால் அங்கே பணம் குறைந்துவிடவில்லை. காப்புறுதிக் கம்பனிகளிலும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிகளிலும் அது பெருமளவில் தேங்கிக் கிடந்தது. மறுபுறத்தில், மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுகூடங்களில் போர்க்காலத்தே றேடார் முதலியன பற்றிப் பேரளவில் ஆராய்ச்சி நடைபெற்றது. பணம் ஒரு தெருவிலும் அறிவு மறு தெருவிலும் இருந்தன. இடையே பாலம் இல்லை. அக்கழகத்தின் தலைவரான கார்ல் கொம்ப்ரன் என்னும் பௌதிக அறிஞரும், பொஸ்ரன் மத்திய ஒதுக்கு வங்கியின் தலைவராயிருந்த றால்ப் பிளாண்டர்ஸ் என்பவரும் வேறு சிலரும் இக்குறையை உணர்ந்தே கூட்டுத்தாபனத்தை நிறுவினர். பிளாண்டர்ஸ் அதே ஆண்டில் செனற் சபைக்குச் சென்றமையால், தலைமைப் பொறுப்பு ஜோர்ஜ் டோரியோவிடம் வந்தது.

டோரியோ 1899இல் பாரிஸ் நகரிற் பிறந்தவர். தந்தையார் மோட்டார் வாகனத் தொழிலின் தொடக்க காலத்துப் பொறியியலாளருள் ஒருவர். 1921இல் அமெரிக்கா சென்ற மைந்தர் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரியில் பேராசிரியரானார். ‘உற்பத்தி’ என்னும் எளிய பெயரில் அவர் நடத்திய வகுப்பு பல தலைமுறை மாணவரிடையே பேர்பெற்றது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் பண்டசாலைத் துறையில் ஆராய்ச்சிப் பிரிவை நடத்திப் பிரிகேடியர் ஜெனரல் பதவியும் பெற்றார். பட்டாளத்தாரின் பாதணி, உடை, உணவு ஆகியவற்றை விஞ்ஞானிகளைக் கொண்டு திருத்தியமைத்த அனுபவம், ஆய்வுகூடத்தில் உள்ளதைத் தொழிற்சாலைக்குக் கொணர்வது எத்துணை அரிது என்பதை அவருக்கு உணர்த்தியிருத்தல் வேண்டும். யோசனை எவ்வளவு சிறந்ததாயினும், அதனை நடத்துபவன் சிறந்தவனாக இல்லையேல் பயனில்லை என்பது அவருடைய உறுதியான கொள்கை. இரண்டாந்தர யோசனையுடைய முதற்றர மனிதனையே, முதற்றர யோசனையுடைய இரண்டாந்தர மனிதனிலும் அவர் விரும்பினார்.

கூட்டுத்தாபனம் ஐம்பது இலட்சம் டொலர் திரட்ட எண்ணிற்று. கிடைத்ததோ ஏறக்குறைய 35 இலட்சமே. அதிற் பாதிக்குமேல் காப்புறுதி நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் கொடுத்தவை. எஞ்சிய பங்குகளைப் பொதுமக்கள் வாங்கினர். பாடசாலை ஆசிரியன் ஒருவனும் தன் சேமிப்பைக் கொண்டு இதில் ஒரு பங்கு வாங்கலாம் என்னும் நிலை புதுமையானது. அவ்வமைப்பின் சிறப்பும் அதுவே. பின்னர் அதனை அரித்த நோயும் அதுவே.

முதலிற் பணம் பெற்ற கம்பனிகளுள் ஒன்று உயர் மின்னழுத்தப் பொறியியற் கூட்டுத்தாபனம். தம் பெயரால் வழங்கும் மின்னாக்கப் பொறியைக் கண்ட வான் டி கிராவ், ஜோன் ட்ரம்ப், டெனிஸ் றொபின்சன் ஆகியோர் அதனை நிறுவியிருந்தனர். புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் அணு ஆராய்ச்சிக்கும் வேண்டிய பெரும் பொறிகளைச் செய்வது அவர்கள் நோக்கம். அதில் இட்ட 2 இலட்சம் டொலர், 1955இல் அக்கம்பனியின் பங்குகள் சந்தைக்கு வந்தபோது 18 இலட்சமாயிற்று. கதிரியக்க ஓரிடத்தான்களைக் கையாளும் கருவிகள் செய்த ட்றேசர்லாப் என்னும் கம்பனியும் தழைத்தது. எல்லாம் இவ்வாறே நடந்தன என்று கொள்ளலாகாது. பசிபிக் தீவுகளிற் சூரைமீன் பிடித்துப் பதனிடப் புகுந்த கம்பனி ஒன்றில் இட்ட பணம் கடலோடு போயிற்று. விஞ்ஞானத்தை வளர்க்கப் புறப்பட்டவர்கள் மீன்பிடித் தொழிலில் ஏன் இறங்கினர் என்பது வியப்புக்குரியதே.

நல்ல கம்பனிகளும் ஓரிரு ஆண்டிற் பயன் தரவில்லை. தென்னையை நட்டவன் மறு மாரியிலே இளநீர் கேட்பதில்லை; ஆயின் பங்குச் சந்தையில் வாங்கியவர் கேட்டனர். ஆண்டறிக்கைதோறும் பொறுமையை வேண்டி டோரியோ எழுதினார். பங்குதாரரோ இலாபப் பங்கு எங்கே என வினவினர். கூட்டுத்தாபனத்தின் பங்குகள், அதன் கைவசமிருந்த சொத்தின் பெறுமதியிலும் குறைந்த விலைக்கே நெடுங்காலம் கைமாறின.

இந்நிலையிற்றான் 1957ஆம் ஆண்டு வந்தது. மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த லிங்கன் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த கென் ஓல்சன், ஹார்லன் அன்டர்சன் என்னும் இளம் பொறியியலாளர் இருவர் கூட்டுத்தாபனத்தை அணுகினர். டிரான்சிஸ்டர் கொண்டு விரைவாக இயங்கும் சிறிய கணனிகளை ஆக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அக்காலத்துக் கணனி ஓர் அறையை நிறைப்பது; ஒரு சிலரே அதனை அணுக இயலும். ஆராய்ச்சியாளன் தானே எதிரில் அமர்ந்து வினவி விடைபெறத்தக்க பொறி வேண்டும் என அவர்கள் எண்ணினர். பணிப்பாளர் சபையின்முன் அவர்கள் தோன்றுவதற்கு முன்னர், கூட்டுத்தாபனத்தின் அலுவலர் மூன்று புத்திமதிகள் கூறினர் என ஓல்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கணனியால் எவரும் இலாபம் கண்டதில்லை என்று சஞ்சிகை ஒன்று எழுதியிருந்தமையால், ‘கணனி’ என்னும் சொல்லை வாயெடுக்கலாகாது. நூற்றுக்கு ஐந்து வீதம் இலாபம் என்றால் எவரும் மதியார், கூடுதலாகச் சொல்லவேண்டும். சபையினர் முதியவர், ஆகவே விரைவில் இலாபம் வரும் என்றே கூறவேண்டும். இதனாலேயே, கணனி செய்யப் புகுந்த கம்பனி தன் பெயரில் அச்சொல் இல்லாமல் ‘டிஜிற்றல் எக்குயிப்மென்ற் கோப்பரேசன்’ எனப் பெயர் சூட்டிக்கொண்டது. எதிர்காலத்தை வாங்க வந்தவர்களிடமே எதிர்காலத்தின் பெயரை மறைக்கவேண்டியிருந்தமை நகைப்புக்குரியது.

கூட்டுத்தாபனம் 70,000 டொலர் கொடுத்தது. பங்குகளில் நூற்றுக்கு 70 வீதத்துக்குக் குறையாத பகுதியைப் பெற்றது. யோசனையும் உழைப்பும் தந்த இருவருக்கும் எஞ்சியது சிறு பகுதியே. இது நீதியோ என்னும் வினா எழுவது இயல்பு. கந்துவட்டிக்காரனும் இவ்வளவு கேளான் எனத் தோன்றலாம். ஆனால் கந்துவட்டிக்காரன் தொழில் கெட்ட பின்னும் வீட்டு வாயிலுக்கு வருவான். பங்கு வாங்கியவன் வருவதில்லை. அக்கம்பனி மூழ்கியிருப்பின், அவ்விருவரும் தம் பங்குக்காக எதையும் ஈடு இழக்காமல் மீண்டும் ஆய்வுகூட வேலைக்குத் திரும்பியிருக்கலாம். அந்த விடுதலைக்கு அவர்கள் கொடுத்த விலையே அப்பங்குகள். விலை கூடியதென்பதை மறுப்பதற்கில்லை. வேறு வாங்குவோர் இல்லாத சந்தையில் விலை அவ்வாறே அமையும்.

மெயினாட் என்னும் சிற்றூரில், கைவிடப்பட்ட பழைய கம்பளி ஆலையொன்றில் ஏறத்தாழ 8,500 சதுர அடி இடத்தைக் குறைந்த வாடகைக்குப் பெற்று அவர்கள் தொழிலைத் தொடங்கினர். நெசவு நீங்கிய கட்டடத்தில் மின்சுற்றுப் பலகைகள் உருவாயின. முதலிற் செய்தவை கணனிகள் அல்ல. ஆய்வுகூடங்களுக்கு வேண்டிய சுற்றுத் தொகுதிகளே. அவை உடனே விலைபோயின. இத்துணை விரைவில் இலாபம் கண்டோர் நிலைத்ததில்லை என டோரியோ கவலையுற்றாராம். 1959இல் அறிவிக்கப்பட்ட பீ.டீ.பீ.-1 என்னும் முதற் கணனியின் விலை ஏறக்குறைய 1,20,000 டொலர்; பெருங்கணனிகளின் விலையோடு ஒப்பிடின் அது சொற்பமே. 1965இல் வந்த பீ.டீ.பீ.-8, 18,000 டொலருக்கே கிடைத்தது. பெரிய நிறுவனங்களின் உடைமையாயிருந்த கணனி, சாதாரண ஆய்வுகூடத்துக்கும் தொழிற்சாலைக்கும் உரியதாயிற்று.

1966இல் டிஜிற்றலின் பங்குகள் சந்தைக்கு வந்தபோது கூட்டுத்தாபனத்தின் பங்கு ஏறக்குறைய 3 கோடியே 80 இலட்சம் டொலர் பெறுமதியுடையதாயிற்று. மேலும் சில ஆண்டுகளில் அது 35 கோடியைத் தாண்டிற்று. இட்ட முதலைப்போல் ஐயாயிரம் மடங்கு. கூட்டுத்தாபனம் தனித்தியங்கிய 26 ஆண்டுகளில் ஈட்டிய இலாபத்தில் ஏறக்குறையப் பாதி இவ்வொரு முதலீட்டால் வந்ததெனக் கணக்கிட்டுள்ளனர். இது வெறும் அதிர்ஷ்டம் என்று கூறுவாரும் உளர். பல விதைகளை விதைத்தவனுக்கே ஒரு விதை பெருமரமாகும் வாய்ப்பு உண்டு என்பதை அவர்கள் கருதுவதில்லை. துணிகர மூலதனத்தின் கணக்கு, பல தோல்விகளை ஒரு வெற்றி ஈடுசெய்யும் கணக்கு. அதனை முதன்முதல் எண்களால் நிலைநாட்டிக் காட்டியது இக்கூட்டுத்தாபனமே.

இத்துணை வெற்றி கண்ட நிறுவனம் ஏன் நிலைபெறவில்லை? விடை அதன் அமைப்பிலேயே உண்டு. பொதுமக்களின் பணத்தைக் கையாண்டமையால், 1940ஆம் ஆண்டின் முதலீட்டுக் கம்பனிச் சட்டத்துக்கு அது உட்பட்டிருந்தது. தாம் வளர்த்த கம்பனிகளின் பங்குகளில் உரிமைபெற அலுவலருக்கு வழி இருக்கவில்லை. கூட்டுத்தாபனத்தின் அலுவலர் ஒருவர் அரும்பாடுபட்டு வளர்த்த கம்பனி சந்தைக்கு வந்தபோது, அதன் தலைவருடைய செல்வம் ஒரே நாளில் ஒரு கோடி டொலராயிற்று. அலுவலருக்குக் கிடைத்ததோ 2,000 டொலர் சம்பள உயர்வு. இத்தகையோர் ஒவ்வொருவராக விலகினர். டோரியோவின் நெருங்கிய துணைவரான வில்லியம் எல்பர்ஸ் 1965இல் விலகிக் கிறேலொக் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்.

கிறேலொக் பொதுமக்களிடம் பங்கு விற்கவில்லை. சில குடும்பங்களிடம் மட்டும் பணம் பெற்று, வரையறுத்த பங்காண்மையாக அமைந்தது. இவ்வமைப்பில் பணம் கொடுத்தோர் குறித்த ஆண்டுகள், பெரும்பாலும் பத்தாண்டுகள், காத்திருக்க உடன்படுவர்; இடையே மீளக் கேட்க இயலாது; நாளாந்த நடவடிக்கையில் தலையிடவும் இயலாது. நிதியை நடத்துவோர் இலாபத்தில் ஒரு பங்கை, வழக்கமாக ஐந்திலொன்றை, தாம் பெறுவர். டோரியோ ஆண்டுதோறும் இரந்து கேட்ட பொறுமை இங்கே உடன்படிக்கையிலே எழுதப்பட்டுவிட்டது. கலிபோர்ணியாவிலும் 1961இல் டேவிஸ், றொக் என்னும் இருவர் இம்முறையிலேயே தொடங்கினர். டோரியோவிடம் ஹாவார்டிற் கற்ற தொம் பேர்க்கின்ஸ், 1972இல் இயூஜின் கிளைனரோடு சேர்ந்து நிறுவிய நிறுவனமும் இவ்வமைப்பையே மேற்கொண்டது. 1979இல் ஓய்வூதிய நிதிகள் இத்தகைய பங்காண்மைகளிற் பணம் இடலாம் எனச் சட்டவிதி தெளிவுபடுத்தப்பட்டபின், சிறு ஓடையாயிருந்த பணம் பெருவெள்ளமாயிற்று. ஆனால் ஆசிரியனோ தொழிலாளியோ தன் பெயரிற் பங்கு வாங்கத்தக்க பழைய வாயில் அடைபட்டது. அவன் பணம் ஓய்வூதிய நிதியின் வழியாகவே, அவன் அறியாமலே, அங்கு செல்கின்றது.

1972இல், எழுபது வயதைக் கடந்திருந்த டோரியோ, தமக்குப்பின் நடத்தத்தக்க தலைவரை உள்ளே காணாமையால், கூட்டுத்தாபனத்தை ரெக்ஸ்ட்ரன் என்னும் பெருங்கம்பனியோடு இணைத்தார். கைவசமிருந்த டிஜிற்றல் பங்குகள் பங்குதாரருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன; இருபத்தைந்து ஆண்டுகள் பொறுத்திருந்தோர் பெரும்பயன் பெற்றனர். டோரியோ 1987இற் காலமானார். டிஜிற்றல் ஒருகாலத்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்டு விளங்கியது. தனியாள் கணனியின் வரவைத் தக்க காலத்தில் மதிக்கத் தவறியமையால் தளர்ந்து, 1998இல் கொம்பாக் கம்பனியால் வாங்கப்பட்டது. அதனை வாங்கிய கொம்பாக், 1982இல் துணிகர மூலதனத்தைக் கொண்டு தொடங்கப்பட்ட கம்பனியாகும்.