ரேமுக்கு ஜோடிப் பொருத்தம் வேண்டுமா?

மாணவர்களே, உங்கள் வீட்டு மேசைக் கணினியில் 8 ஜிபி ரேம்தான் இருக்கிறது. காணொளித் தொகுப்பைத் தொடங்கினாலே அது திணறுகிறது. மாமாவின் பழைய கணினியிலிருந்து கழற்றிய ரேம் அட்டை ஒன்று கையில் கிடைக்கிறது. நிறுவனம் வேறு, வேகமும் வேறு. செருகிவிடலாமா?

முதலில் தலைமுறையைப் பாருங்கள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் கலக்கவே கலக்காது. டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4-க்கு 1.2, டிடிஆர்5-க்கு 1.1 மின்னழுத்தம் தேவை. மாற்றிச் செருகிவிடக் கூடாது என்பதற்காகவே அட்டையின் அடிவிளிம்பில் உள்ள வெட்டை ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். உள்ளே போகவில்லையா? பலத்தைக் காட்டாதீர்கள்!

இரண்டுமே டிடிஆர்4 என்றால் பெரும்பாலும் வேலை செய்யும். ஒவ்வோர் அட்டையிலும் அதன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் பதிந்து வைத்திருக்கும் ஒரு சிறு சில்லு உண்டு. கணினி விழித்ததும் முதலில் அதைத்தான் படிக்கிறது. ஒன்று 3200, மற்றது 2666 என்றால், இரண்டையும் 2666-இல் ஓட்டும். கைகோத்து நடக்கும் இருவரில் மெதுவாக நடப்பவரின் வேகம்தானே இருவருக்கும்!

அப்படியானால் நட்டமா? அதுதான் இல்லை. 3200 என்பது நொடிக்கு 320 கோடி தரவுப் பரிமாற்றங்கள். ஒவ்வொரு முறையும் 8 பைட் போகும். ஆக, ஓர் அட்டை தனியாக நொடிக்கு 25.6 ஜிபி வரை அனுப்பலாம். 2666-இல் அது ஏறத்தாழ 21.3 ஜிபி. ஆனால் இரண்டு அட்டைகளைச் சரியான துளைகளில் செருகினால் இரட்டைத் தடம் திறக்கும். மொத்தம் 42 ஜிபிக்கு மேல். வேகம் குறைந்த இரண்டு, வேகமான ஒன்றை முந்திவிடுகிறது. எந்தத் துளைகள் என்பதை மதர்போர்டு கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த துளைகளில் செருகிவிட்டு, வேகம் கூடவில்லையே என்று குழம்புபவர்கள் பலர்.

அளவும் சமமாக இருக்க வேண்டியதில்லை. 8 ஜிபியும் 4 ஜிபியும் சேர்ந்தால், பல கணினிகள் இரண்டிலிருந்தும் 4 ஜிபி எடுத்து இரட்டைத் தடத்தில் ஓட்டும். மிஞ்சும் 4 ஜிபி ஒற்றைத் தடத்தில் ஓடும்.

திரை இருண்டே கிடந்தால் கோளாறு உடனே தெரிந்துவிடும். கணினி வழக்கம்போல் திறந்து, உள்ளே எங்கோ ஒரு 0 மட்டும் 1 ஆகிவிடுவதுதான் ஆபத்து. நீங்கள் சேமித்த பள்ளித் திட்டப்பணிக் கோப்பு மறுநாள் திறக்காமல் போகலாம். எக்ஸ்எம்பி எனும் கூடுதல் வேக அமைப்பை முடுக்கியிருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். கலப்பு ரேமுக்கு அதை அணைத்து வைப்பதே என் பரிந்துரை.

புதிய அட்டையைப் போடுமுன் முக்கியக் கோப்புகளை விரலியில் நகலெடுங்கள். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கணினிப் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிய பிறகே அட்டையைத் தொடுங்கள். பொருத்தியதும் மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் செயலியை இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த அட்டையைக் கழற்றிவிடுங்கள்.