நகத்தளவில் ஒரு பாயிரம்

நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்பது நம் ஆசிரியன்மார் துணிபு. அதற்கு நன்னூலார் பல பெயர் கூறுவர். அணிந்துரை அவற்றுள் ஒன்று, புனைந்துரை மற்றொன்று. இவ்விரு பெயரையும் முப்பது ஆண்டுகளாக வகுப்பிலே சொல்லி வருகின்றேன். சொல்லி வந்தேனேயன்றி அவற்றின் அருமையை உணர்ந்தேனல்லேன். உணர்த்தியவன் என் பழைய மாணாக்கன் ஒருவன். உணர்த்திய கருவி ஒரு கைத்தொலைபேசி.

சென்ற சித்திரை விடுமுறையில் அவன் என் வீட்டுக்கு வந்தான். கொழும்பிலே பார்த்த உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தோழர் இருவருடன் கூடி, இரண்டு ஆண்டு உழைத்து, ஒரு கணினி விளையாட்டை ஆக்கியிருக்கின்றான். நம் பெண்பிள்ளைகள் திண்ணையில் இருந்து ஆடும் கொக்கான்தான் அது. ஒரு கல்லை மேலே எறிய வேண்டும். அது விழுமுன் கீழே கிடப்பவற்றை வாரிக்கொண்டு அதனையும் ஏந்த வேண்டும். பேருந்துக்குக் காத்து நிற்கும் பத்து நிமிடத்திலே ஓர் ஆட்டம் ஆடிவிடலாம். இத்தகையவற்றைச் சிறுபொழுது விளையாட்டு எனல் பொருந்தும். விளையாட்டு முடிந்துவிட்டது; கையிருந்த பணமும் முடிந்துவிட்டது. இணையக் கடையிலே வைப்பதற்கு முகப்போவியமும் பெயருமே குறை. ஓவியம் அவனிடம் இருந்தது. பெயரை என்னிடம் கேட்டான்.

ஓவியத்தைக் கண்டு திகைத்தேன். கோபுரம் ஒன்று தீப்பற்றி எரிகின்றது. அதன்முன் வாளேந்திய மங்கை ஒருத்தி நிற்கின்றாள். அவள் காலடியில் ஐந்து மணிகள் சுடர்விடுகின்றன.

"தம்பி, இவள் விளையாட்டிலே எங்கே வருகின்றாள்?"

"வரமாட்டாள், ஐயா. இப்படிப் போட்டால்தான் ஆக்கள் தொட்டுப் பார்ப்பினம்."

நான் அவனுக்குச் சளைத்தவனல்லேன். 'கழங்காடு களம்' என்று பெயர் சொன்னேன். சங்க மகளிர் ஆடிய கழங்கு கொக்கானுக்கு மூதாதை எனத்தக்கது என்று கால்மணி நேரம் விளக்கமும் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பின்பு அப்பெயரை ஓவியத்தின்மேற் பொறித்து, கடையிலே தோன்றும் அளவுக்குச் சுருக்கி, கைத்தொலைபேசியை என் முன் நீட்டினான். ழகரத்தின் காற்சுழியும் ஙகரத்தின் உள்வெளியும் அடைபட்டுக் கிடந்தன. எறும்பு ஊர்வதுபோல ஏதோ ஒன்று தெரிந்தது.

"ஐயா, பெயர் வைச்ச உங்களாலேயே வாசிக்க முடியேல்லையே!"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டும் பார்த்தேன். பயன் இல்லை.

அவன் சொன்ன கடைக்கணக்கை ஈண்டுக் குறித்தல் வேண்டும். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003 ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்டீம் என்னும் கடையில் இப்போது ஆண்டுதோறும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட புது விளையாட்டுகள் வந்து குவிகின்றன. ஒரே விளையாட்டுக்குப் பல அளவிற் படம் வேண்டும். அவற்றுட் சிறியதை 462 படப்புள்ளி அகலமும் 174 உயரமுமாக வரைந்து கொடுத்தல் வேண்டும். ஆனால் பட்டியல்களிலே அது 120 க்கு 45 ஆகவும் சுருங்கும். நாற்பத்தைந்து புள்ளி உயரத்துள் எரியும் கோபுரம், வாள், மங்கை, மணி, அதன்மேற் பண்டிதரின் தமிழ்! சிறிய படத்தைப் பெயரே ஏறத்தாழ முழுதும் நிரப்பல் வேண்டும் என்று கடைக்காரரே அறிவுறுத்தியுள்ளனர். 2022 செப்டெம்பர் முதலாம் திகதி தொட்டு வேறொரு விதியும் உண்டு. முகப்புப்படத்திலே ஓவியமும், விளையாட்டின் பெயரும், துணைப்பெயர் இருப்பின் அதுவுமே இடம்பெறலாம். பத்திரிகைகளின் புகழுரை, பெற்ற பரிசு, விலைக்கழிவு ஆகியன ஆகா. நம் பதிப்பாளர் சிலர் நூல் அட்டையிலே சாற்றுகவியை அச்சிட்டு இடம் அடைப்பது நினைவுக்கு வந்தது. அவர்களுக்கும் இப்படி ஒரு விதி இருந்தால் நன்று.

வாளேந்திய மங்கையின் குலம் புதிதன்று. 1977 இல் அமெரிக்காவில் வெளிவந்த அட்டாரி விளையாட்டுக்கருவி தொலைக்காட்சித் திரையிலே சில கட்டங்களையும் கோடுகளையுமே காட்ட வல்லது. பெட்டியின் முகப்பிலோ கிளிஃப் ஸ்போன் முதலிய ஓவியர்கள் வண்ணத்தைக் கொட்டினார்கள். 'கொம்பட்' என்னும் விளையாட்டின் பெட்டியிலே யுத்த தாங்கிகளும் போர்விமானங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய்கின்றன. திரையிலே சீப்புத்துண்டு போன்ற ஒரு தாங்கி ஊர்கின்றது. இதனைப் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தாங்கி உள்ளே இருக்கின்றது. அதனையே ஓவியர் பெருக்கிக் காட்டினார். கட்டத்தைக் கண்ட சிறுவன் பெட்டியின் ஓவியத்தை மனத்திற்கொண்டு மிச்சத்தை நிரப்பிக்கொண்டான். அது புனைந்துரை. இனி, 1987 இல் அமெரிக்காவுக்குச் சென்ற 'மெகா மேன்' என்னும் யப்பானிய விளையாட்டைப் பாருங்கள். உள்ளே இருப்பவன் கையே பீரங்கியாகிய இயந்திரச் சிறுவன். அமெரிக்கப் பெட்டியிலே நிற்பவர் கைத்துப்பாக்கி பிடித்த நடுவயதுக்காரர். இது புனைந்துரை அன்று. பாட்டைப் படியாது எழுதிய பதவுரை.

அட்டாரியைப் பற்றி இன்னொன்று. ஆக்கியோன் பெயர் பாயிரத்துக்கு உரிய செய்திகளுள் ஒன்று. அந்நிறுவனமோ ஆக்கியோர் பெயரை வெளியிடவில்லை. 1980 இல் வந்த 'அட்வென்ச்சர்' விளையாட்டை எழுதிய வாரன் ராபினெட், எவருக்கும் சொல்லாமல், உள்ளே ஓர் இரகசிய அறை கட்டி அங்கே தம் பெயரைப் பொறித்து வைத்தார். முகப்பிலே இடம் பெறாத பெயர் அறைக்குள் ஒளிந்தது. (அவ்விளையாட்டின் வீரன் ஒரு சதுரம், அதில் வரும் பறவைநாகங்கள் வாத்துகளைப் போன்றவை. பெட்டியில் உள்ளது மெய்யான பறவைநாகம்.) அதற்கு முன்னரே, 1979 இல், அங்கிருந்து நால்வர் வெளியேறி அக்டிவிஷன் நிறுவனத்தை ஏற்படுத்தினர். இவர்கள் ஆக்கியோனைப் பெயர் சொல்லிச் சிறப்பித்தார்கள். திரையில் உள்ள உருவங்களையே தெளிந்த வண்ணத்தில் முகப்பிலும் தீட்டினார்கள். 1983 இல் அமெரிக்கச் சந்தை சரிந்தபின், 1985 இல் அங்கே சென்ற நிண்டெண்டோ இன்னும் ஒருபடி போய், கறுப்புப் பெட்டியின்மேல் விளையாட்டின் புள்ளியுருவங்களையே புள்ளி தெரியப் பெருக்கி அச்சிட்டது. உள்ளே இருப்பது இதுவே என்று நேர்நின்று சொல்லும் முகப்பு அது.

சிறுபொழுது விளையாட்டுக்களுக்கெல்லாம் அரசு எனத்தக்க டெட்ரிஸ் 1984 இல் மொஸ்கோவிலே அலெக்சி பஜித்னோவ் ஆக்கியது. அதிலே விழுவன நாற்சதுரக் கட்டிகள். மேல்நாட்டார் விற்றபோது முகப்பிலே மொஸ்கோவின் புனித பசில் தேவாலயத்தை நிறுத்தினார்கள். 1989 இல் டெங்கன் நிறுவனத்தார் வெளியிட்ட பெட்டியிலே, உருசியச் சாயல் தோன்றும்பொருட்டு ஆங்கில எழுத்து ஒன்றைத் திருப்பிப் போட்டார்கள். அத்திருப்பிய வடிவம் உருசிய நெடுங்கணக்கில் 'யா' என்று ஒலிப்பது! எழுத்ததிகாரம் கற்றவனுக்கு இது பொறுக்குமா?

2009 இல் பின்லாந்தின் ரோவியோ நிறுவனத்திலே நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. ஐம்பத்தொரு விளையாட்டுகளை ஆக்கியும் நொடிந்துகொண்டிருந்த நிறுவனம் அது. யாக்கோ ஈசலோ என்னும் ஓவியர், காலும் சிறகும் இல்லாத சில பறவைகளைச் சினந்த முகத்துடன் வரைந்து காட்டினார். இவை ஏன் சினந்தன என்ற வினாவிலிருந்தே 'ஆங்ரி பேர்ட்ஸ்' பிறந்தது. பாயிரம் முந்தியது, நூல் பிந்தியது. அந்தச் சிவந்த முகம் ஒன்றே கடைச்சின்னமுமாயிற்று. நகத்தளவிற் சுருங்கியும் சினம் சுருங்கவில்லை. பின்னர் 2012 இல் 'கிளாஷ் ஒஃப் கிளான்ஸ்' வாய்பிளந்து கத்தும் வீரனை வைத்தது. அன்றுதொட்டுக் கைத்தொலைபேசிக் கடையிலே வாய்பிளந்த முகங்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் கத்தினால் திரும்பிப் பார்ப்போம். சந்தை முழுதும் கத்தினால்?

வாளேந்திய மங்கைக்கு நான் எடுத்துக்காட்டிய வழக்கு வேறு. 2020 இல் பிரித்தானிய விளம்பர ஒழுங்கு ஆணையம், 'ஹோம்ஸ்கேப்ஸ்', 'கார்டன்ஸ்கேப்ஸ்' என்னும் இரு சிறுபொழுது விளையாட்டுகளின் விளம்பரங்களைத் தடைசெய்தது. அவை காட்டிய புதிர் விளையாட்டிலே பெரும்பாலும் வருவதன்று. ஆதலால் மக்களை மயக்குவது என்பது தீர்ப்பு. அவன் சிரித்தான். "எங்களை ஆர் ஐயா வழக்குக்கு இழுக்கப்போகினம்?" பிறகு அவனே மௌனமானான். ஸ்டீம் கடையிலே வாங்கியவர், பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்திற் குறைய ஆடியிருப்பின் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கோபுரத்தையும் வாளையும் நம்பி வந்தவன் அரைமணி ஆடுவான், கற்களே மேலெழுந்து கீழ்விழும், மங்கை வரமாட்டாள். அவன் பணம் திரும்பும். திண்ணையையும் கல்லையும் விரும்பக்கூடியவனோ அந்தப் படத்தைக் கண்டு அப்பால் போயிருப்பான். நுதலிய பொருளையும் கேட்போரையும் பாயிரத்திலே சொல் என்று நம் முன்னோர் விதித்தது இந்த இரண்டாமவனை இழவாதிருத்தற்குப் போலும்.

நான் வைத்த பெயருக்கும் இதுவே தீர்ப்பு. கழங்கு என்று கண்டால் என்னைப் போன்றோர் நால்வர் மகிழ்வர். கொக்கான் ஆடியவர்கள் அதனைக் கொக்கான் என்றுதான் அழைப்பர்.

இருவரும் தோற்றோம். கடுதாசி எடுத்தோம். 'கொக்கான்' என்பதைத் தடித்த எழுத்தில் எழுதிப் பார்த்தான். ஒகரக் கொம்பும் காலும் இடத்தைப் பிடித்தன. ஆயினும் ககரத்தின் உள்வெளி அடைபடவில்லை. கோபுரம் போயிற்று. வாள் போயிற்று. மங்கையிலே கை மட்டும் எஞ்சியது: நிமிர்த்திய உள்ளங்கை, அதனுள் நான்கு கல், அந்தரத்திலே ஒரு கல். கைத்தொலைபேசிச் சின்னத்துக்கு மூலைகளைக் கடையே வளைத்துவிடுமாதலால் ஐந்தாங் கல்லை மூலையிலிருந்து நடுவுக்கு இறக்கினோம்.

நேற்று அவனிடமிருந்து செய்தி வந்தது. படத்தைத் தாயாரிடம் காட்டினானாம். அவர் பெயரை வாசிக்கவில்லை. கண்ணாடி அடுக்களையில் இருந்தது. "ரண்டாங் கட்டையோ, மூண்டாங் கட்டையோ ஆடுறாள்?" என்று கேட்டாராம். அந்தரத்திலே நிற்கும் கல்லை மட்டும் இன்னும் சற்றுப் பெரிதாக்க வேண்டும் என்று எழுதியிருக்கின்றான்.