பங்கீட்டில் நீதி: பொருளியல் நடத்திய ஒரு சோதனை

பொருளியலைக் கற்கத் தொடங்கும் மாணவர் முதற்பாடத்திலேயே ஒரு கற்பனை மனிதனைச் சந்திக்கிறார். தன்னலம் இன்னதெனத் தெளிவாக அறிந்தவன் அவன்; கிடைக்கக்கூடியவற்றுள் மிகுதியானதையே தேர்பவன்; அடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்பதைப் பொருட்படுத்தாதவன். 'பொருளியல் மனிதன்' என்று இவனைக் குறிப்பர். ஜான் ஸ்டூவர்ட் மில் 1836இல் எழுதிய கட்டுரையொன்றில், செல்வத்தை நாடும் மனிதனை ஆய்வின் வசதிக்காகக் கொண்ட ஓர் எடுகோளாகவே முன்வைத்தார். பின்வந்த பாடநூல்கள் பலவற்றில் அந்த எடுகோள் மனித இயல்பே போலப் பதிந்துவிட்டது.

இவ்வெடுகோள் உண்மைதானா என்பதை வாதத்தால் அன்றிச் சோதனையால் அறிய முனைந்த துறைகளே நடத்தைப் பொருளியலும் சோதனைப் பொருளியலும் ஆகும். முன்னது உளவியலின் துணைகொண்டு மனிதர் உண்மையில் எவ்வாறு முடிவெடுக்கின்றனர் என்பதை ஆராய்கிறது. பின்னது கட்டுப்படுத்தப்பட்ட சூழலில், உண்மைப் பணத்தைக் கொண்டு அம்முடிவுகளைச் சோதிக்கிறது. முன்னதற்காக டேனியல் கானெமனும் பின்னதற்காக வெர்னன் ஸ்மித்தும் 2002ஆம் ஆண்டு பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இவ்விரு துறைகளின் போக்கை அறிந்துகொள்ள ஒரே ஒரு சோதனையை நாம் இங்கு விரிவாகக் காண்போம்.

ஒருவரையொருவர் அறியாத இருவர். முதலாமவரிடம் நூறு ரூபாய் தரப்படுகிறது. அதில் ஒரு பங்கை இரண்டாமவருக்குத் தர அவர் முன்வர வேண்டும். இரண்டாமவர் அதை ஏற்றால் இருவரும் தத்தம் பங்கைப் பெறுவர். மறுத்தால் இருவருக்கும் எதுவும் இல்லை. பேரம் பேச இடமில்லை; மறுவாய்ப்பும் இல்லை. பொருளியல் மனிதன் இதில் எவ்வாறு நடந்துகொள்வான்? ஒரு ரூபாய் தந்தாலும் இரண்டாமவர் ஏற்றாக வேண்டும். ஒன்றுமில்லாததைவிட ஒரு ரூபாய் மேலன்றோ! அதை முன்கூட்டியே அறிந்த முதலாமவரும் ஒரு ரூபாய்க்கு மேல் தரமாட்டார்.

ஜெர்மானியப் பொருளியலறிஞர் வெர்னர் கூத்தும் அவருடைய இரு சகாக்களும் கொலோன் நகர மாணவர்களிடம் இச்சோதனையை நடத்தி, 1982இல் முடிவுகளை வெளியிட்டனர். கோட்பாடு கூறியவாறு எதுவும் நிகழவில்லை. சரிபாதி தர முன்வந்தவர்கள் பலர். பிற நாடுகளில் மாணவர்களிடையே நடந்த சோதனைகளிலும் நாற்பது முதல் ஐம்பது விழுக்காடு வரை தருவதே பெருவழக்காக இருந்தது. இருபது விழுக்காட்டுக்கும் குறைவான பங்கை ஏறத்தாழப் பாதிப்பேர் மறுத்துவிட்டனர். கைக்கு வரும் பணத்தை இழந்தேனும் அநீதியை மறுப்பவர்கள் அவர்கள்.

இதற்குத் தடைகள் எழாமல் இல்லை. மறுப்புக்கு அஞ்சியே முதலாமவர் கூடுதலாகத் தருகிறார் என்றனர் சிலர். மறுக்கும் உரிமையை நீக்கி நடத்திய சோதனையின் முடிவுகள் 1994இல் வெளிவந்தன. தரும் பங்கு குறைந்தது. ஆனால் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆகவே அச்சமும் உண்டு, அறவுணர்வும் உண்டு என்பதே சரி. சாலி பிளவுண்ட் 1995இல் வெளியிட்ட ஆய்வு மற்றொன்றைத் தெளிவாக்கியது. குறைந்த பங்கை ஒரு மனிதர் தாமே தீர்மானித்தார் என்றால் மறுப்பவர்கள், அதே பங்கு குலுக்கல் முறையில் அமைந்தது என்றால் பெரிதும் ஏற்றுக்கொண்டனர். தொகையை மட்டுமன்றி, அதன் பின்னுள்ள எண்ணத்தையும் மனிதர் எடைபோடுகின்றனர்.

அவ்வாறாயின் நீதியான பங்கு எது என்பதில் மனிதகுலம் ஒருமித்த கருத்துடையதா? இல்லை. பெரு நாட்டின் அமேசான் காடுகளில் வாழும் மச்சிகெங்கா மக்களிடம் மானுடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் இச்சோதனையை நடத்தினார். அவர்கள் தந்தது சராசரியாக 26 விழுக்காடு மட்டுமே. அதையும் ஏறக்குறைய எவரும் மறுக்கவில்லை. தொடர்ந்து 15 சிறு சமூகங்களில் நடந்த கூட்டாய்வின் முடிவுகள் 2001இல் வெளியாயின. இந்தோனேசியாவின் லமலேராவில் கூட்டாகத் திமிங்கில வேட்டையாடி, இன்னின்னாருக்கு இன்னின்ன பாகம் என முறைவகுத்துப் பங்கிடும் மக்கள் சராசரியாகப் பாதிக்கும் மேல் தந்தனர். பாப்புவா நியூகினியின் இரு சமூகங்களிலோ பாதிக்கு மேற்பட்ட பங்கும் மறுக்கப்பட்டது. பெருங்கொடையை ஏற்பவர் கடமைப்பட்டவராகிவிடுவார் என்பது அங்குள்ள வழக்கம். பிழைப்பில் கூட்டுறவும் சந்தைப் பழக்கமும் மிகுந்த சமூகங்களில் பங்கீடு சமனை நோக்கிச் சென்றதை ஆய்வாளர்கள் கண்டனர்.

இக்குழுவினர் 2010இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு நம் கவனத்துக்குரியது. இஸ்லாம் அல்லது கிறிஸ்தவம் ஆகிய உலகச் சமயங்களைப் பின்பற்றுவோர், அவ்வாறு பின்பற்றாதோரைவிட அறியாத மனிதருக்குக் கூடுதல் பங்கைத் தந்தனர் என்று அது கண்டது. இதை நாம் மிகைப்படுத்துதல் ஆகாது. இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்றாகிவிடாது.

சோதனைக்கூட முடிவுகள் அனைத்தையும் கண்ணைமூடி ஏற்கவும் இயலாது. ஆய்விதழ்களில் வெளிவந்த 18 பொருளியல் சோதனைகளை மீண்டும் நடத்திப் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், 11 மட்டுமே முன்னைய முடிவை உறுதிசெய்தன. பங்கீட்டுச் சோதனையோ பல நாடுகளில் பலமுறை நடத்தப்பட்டு நிலைபெற்றது.

ஆயினும் எஞ்சிய ஒரு வினாவே மிக முக்கியமானது. தொகை மிகப் பெரிதானால் என்ன நிகழும்? வடகிழக்கு இந்தியக் கிராமங்களில் 20 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை வைத்து நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. மிகப்பெரிய தொகை அம்மக்களின் 1,600 மணி நேர உழைப்புக்கு ஈடானது. அந்நிலையில் மிகச் சிறிய பங்கையும் ஏறத்தாழ எவரும் மறுக்கவில்லை.

அவர்களுடைய நீதியுணர்வு மங்கிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்வது பிழை. ஒரு மணி நேரக் கூலியை இழந்து அநீதியைத் தண்டிக்க ஏழையாலும் இயலும். ஓராண்டு வாழ்வை இழந்து அதைச் செய்ய இயலாது. மறுக்கும் ஆற்றலை வறுமை பறித்துவிடுகிறது. வணிகத்துக்கு இரு தரப்பாரின் மனமொப்பிய இசைவு இன்றியமையாதது என்ற நெறியை நம் வாசகர்கள் நன்கறிவர். குறைந்த கூலிக்கு ஒப்பமிடும் தொழிலாளியும், கடும் வட்டிக்குக் கடன் வாங்கும் உழவரும் 'தாமே இசைந்தனர்' என்று கூறப்படும்போதெல்லாம் இச்சோதனை நினைவுக்கு வர வேண்டும். ஏற்றுக்கொண்டனர் என்பது உண்மையாயிருக்கலாம். மறுக்க அவர்களால் இயன்றதா என்று கேட்டறியாதவரை, அதனை இசைவு என்று அழைக்க நமக்கு உரிமையில்லை.